மாயக் கதைக்குள் ஒரு காதலை எழுதுவது எப்படி

புதிதாக ஃபேன்டஸி எழுதும் நண்பர்கள் தங்கள் கதையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புவார்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் எனக்கு வாசிப்பு நின்றுபோகிறது. அதுவரை உலகம் நன்றாக விரிந்திருக்கும். மிதக்கும் மலை இருக்கும், பேசும் வாள் இருக்கும், ஏழு குலங்களின் தீராப் பகை இருக்கும். நான்காவது அத்தியாயத்தில் நாயகன் ஒரு பெண்ணைப் பார்ப்பான். அதற்குப் பிறகு வரும் காதல் காட்சிகளை அப்படியே தூக்கி ஒரு கல்லூரி உணவகத்தில் வைத்தாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. மிதக்கும் மலை பின்னால் தொங்கும் படுதாவாகிவிடும்.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். என் முதல் மாயக் கதையில் ஓர் ஆருடம் இருவரையும் சேர்த்து வைத்தது. இவன்தான் உனக்கு என்று நட்சத்திரமே சொல்லிவிட்டதால், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள எந்த அவசியமும் இல்லாமல் போனது. படித்த தோழி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நட்சத்திரம் சொல்லலைன்னா இவ அவனைத் திரும்பிப் பார்த்திருப்பாளா?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் கற்றவற்றைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: மாயம் காதலர்களைச் சேர்த்துவைக்க வரக் கூடாது, அவர்களிடம் விலை கேட்க வர வேண்டும். அந்த விலையை அவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் காதல் தெரியும்.

விளக்குவதற்கு ஒரு சிறு கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போவோம்.

முதல் படி: மாயத்தின் சட்டத்தை இரண்டே வரியில் எழுதுங்கள்

காதலர்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். உங்கள் உலகில் மாயம் என்ன செய்யும்? அதற்காக யார் எதைக் கொடுக்க வேண்டும்? இரண்டு வரிக்குள் அடங்கவில்லை என்றால் அது இன்னும் உங்களுக்கே பிடிபடவில்லை.

நம் கதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு வறண்ட நாட்டில், இறந்தவர்களின் குரல் ஊர்க்கிணற்றில் தங்கும். கிணற்றோடு பேசினால், அன்று பேசியவர் மனதில் அதிகம் புழங்கிய சொல் மறந்துபோகும். அவர் காதில் விழுந்தாலும் திரும்ப ஒட்டாது.

இப்போது இந்தச் சட்டத்தைக் காதலின் பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒருத்தி சொற்களை இழந்துகொண்டே போகிறாள். அவள் எதை இழந்தாள் என்பதை வைத்தே, எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று ஒருவன் கண்டுபிடித்துவிடலாம். அவள் அவனை விரும்பத் தொடங்கினால் அவனுடைய பெயருக்கே ஆபத்து. சட்டத்தை எழுதி முடிப்பதற்குள் காட்சிகள் வந்து வரிசையில் நிற்கின்றன. உங்கள் சட்டத்தில் அப்படி எதுவும் வரவில்லை என்றால் தயங்காமல் சட்டத்தை மாற்றுங்கள். நெருப்பு எறிவதும் வானில் பறப்பதும் போர்க்களத்துக்கு உதவும். விலையில்லாமல் வந்தால் இரண்டு மனிதர்களுக்கு நடுவே அவற்றால் ஒன்றும் நடக்காது.

இதற்கு நம் மொழியிலேயே மிகப் பழைய, மிக நல்ல பாடம் ஒன்று இருக்கிறது: மணிமேகலை. சீத்தலைச் சாத்தனாரின் காப்பியத்தை அறநூலாகவே படித்துப் பழகிவிட்டோம். மாயக் கதை எழுதுகிறவர் ஒருமுறையாவது அதைக் கதை கட்டும் வேலையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்றுருவம் எடுக்க ஒன்று, வான்வழியே போக ஒன்று, பசியைத் தீர்க்க ஒன்று. சோழ இளவரசன் உதயகுமரன் அவளை விடாமல் தொடர்கிறான். மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும், முற்பிறப்பில் தன் கணவனாக இருந்த இராகுலன்தான் இப்போது உதயகுமரனாகப் பிறந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியவருகிறது. துறவின் பக்கம் போக நினைப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய சுமை! அவனிடமிருந்து விலக, மந்திரத்தால் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகை வித்தியாதரப் பெண். முனிவர் ஒருவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசியில் கிடந்தவள். அமுதசுரபியின் சோற்றால் நோய் தீர்ந்து தன் ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். சாபத்தின் 12 ஆண்டுகள் முடிந்தன என்று அவளைத் தேடி வருகிறான் கணவன் காஞ்சனன். தன் மனைவி தன்னைக் கண்டும் காணாதவள்போல ஓர் இளவரசனோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். அன்று நள்ளிரவில் உலக அறவி என்ற ஊர்ப் பொது அம்பலத்துக்கு வந்த உதயகுமரனை அவன் வாள் வெட்டி வீழ்த்துகிறது. விலகிப் போக நினைத்தவள், அந்த உடலைக் கண்டு கதறுகிறாள்.

மந்திரத்தை எடுத்துவிட்டால் இங்கே கதையே இல்லை. அவளைக் காப்பாற்றக் கிடைத்த வேற்றுருவமே அவனுடைய சாவுக்கு வழி செய்தது. காஞ்சனன் கண்ணால் கண்டதைத்தான் நம்பினான். மூன்று பேருக்கும் அவரவர் நியாயம் இருக்கிறது, மூன்று பேரும் மாயத்துக்கு விலை கொடுக்கிறார்கள். நான் எழுதப் பழகும் யாருக்கும் முதலில் இந்தப் பகுதியைத்தான் படிக்கச் சொல்வேன்.

இரண்டாம் படி: இருவருக்கும் தனித்தனி வேலை கொடுங்கள்

இப்போது ஆட்கள். செல்லி, ஊர்க்கிணற்றுக்குக் காவல் இருப்பவள். அவள் அம்மாவின் குரல் அந்தக் கிணற்றில் இருக்கிறது. மாறன், தூர் வாருகிறவன். பக்கத்தில் அவனுடைய கீழூரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்தக் கிணற்றின் ஊற்றுக்கண் சேறடைத்துக் கிடக்கிறது. தூர் வாரினால் இரண்டு ஊருக்கும் தண்ணீர் வரும். ஆனால் சேற்றோடு குரல்களும் போய்விடும்.

கவனியுங்கள், யாரும் கெட்டவர் இல்லை. அவளுக்கு அம்மாவின் குரல் வேண்டும், அவனுக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டும் ஒரே கிணற்றில் இருக்கின்றன. வில்லன் வந்து பிரித்தால்தான் பிரிவு என்றால், வில்லன் செத்ததும் கதை தீர்ந்துவிடும். இருவருடைய நியாயமும் மோதினால் கடைசிப் பக்கம்வரை தீராது.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்கள். காலையில் எழுந்ததும் என்ன வேலைக்குப் போவார்? யாருக்குக் கடன்பட்டவர்? எதைச் சொன்னால் கோபம் வரும்? மற்றவரைச் சந்திக்காமலே போயிருந்தால் ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத பாத்திரம், மற்றவர் வரும்வரை கதையில் காத்திருக்கும் பொம்மைதான். பெண் பாத்திரங்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அழகாக இருப்பாள், கடத்தப்படுவாள், மீட்கப்படுவாள். அவளுக்கென்று ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். காதல் காட்சியில் அவள் கைகளுக்குச் செய்ய ஏதாவது இருக்கும். செல்லியின் உள்ளங்கை கயிறு உரசிக் காய்த்துப்போயிருக்கிறது. மாறனுக்கும் அப்படித்தான். அவர்கள் முதலில் அடையாளம் கண்டுகொள்வது அந்தக் காய்ப்பைத்தான். முகத்தைப் பார்ப்பது அப்புறம்.

மூன்றாம் படி: எங்கே, எந்தப் பொழுதில் சந்திக்கிறார்கள்?

இந்த விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கையில் ஒரு புதையல் இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், விலங்கு, மரம், உணவு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் காதலின் நிலை உரிப்பொருள். குறிஞ்சிக்குக் கூடல், யாமப் பொழுது. முல்லைக்குக் காத்திருப்பு, கார்கால மாலை. மருதத்துக்கு ஊடல், விடியல். நெய்தலுக்கு இரங்கல், பொழுது சாயும் நேரம். பாலைக்குப் பிரிவு, சுடும் நண்பகல்.

பரீட்சைக்குப் படித்து மறந்த பட்டியல் என்று தள்ளிவிடாதீர்கள். உலகத்தைக் கட்டுவதும் காதலைக் கட்டுவதும் ஒரே வேலை என்று இதைவிடத் தெளிவாகச் சொன்ன இலக்கணத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் கற்பனை நாட்டுக்கும் இதே முறையில் திணை வகுக்கலாம். பனிப்பாலைவனமா, மேகத்தின் மேலே ஊரா, நிலத்தடி நகரமா, எதுவாகவும் இருக்கட்டும். அங்கே எந்தப் பொழுது ஆபத்தானது, எந்தப் பறவை கத்தும், மக்கள் எதைத் தின்கிறார்கள், அந்த இடத்தில் மனது இயல்பாகவே எந்தப் பக்கம் சாயும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் காதலின் ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குரிய இடத்தில் வையுங்கள்.

பாலைக்கென்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இதிலேயே ஒரு நாவலுக்கான விதை இருக்கிறது. அவர்கள் கூடிக் களித்த அதே மலை, பிரிவின்போது வேறு நிலமாக மாறிக் கிடக்கிறது. நீங்கள் எழுதுவது மாயக் கதை என்பதால் அதை உவமையாக நிறுத்த வேண்டியதில்லை. நிலம் உண்மையாகவே மாறலாம்.

நம் கதையில் விடியற்காலைக் கிணறு ஊர்ப் பெண்களுடையது. குடமும் பேச்சுமாக இருக்கும். உச்சிவெயிலில் அங்கே யாரும் வர மாட்டார்கள். செல்லியும் மாறனும் சண்டை போடுவதும் பேசிக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். பாலைக்குரிய பொழுதில் தொடங்கும் காதல் என்பதால், பிரிவின் வாடை முதல் சந்திப்பிலேயே இருக்கும். அதை நான் எங்கேயும் சொல்லிக்காட்ட மாட்டேன். வெயிலை மட்டும் சரியாக எழுதினால் போதும்.

நான்காம் படி: அழகைச் சொல்லாதீர்கள், கவனிப்பைக் காட்டுங்கள்

கட்டுரையிலேயே முக்கியமான படி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நளன் கதையை நினைத்துப் பாருங்கள். சுயம்வர மண்டபத்தில் நான்கு தேவர்கள் நளனின் உருவத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பேரும் ஒரே அழகு. அழகை வைத்துக் காதலித்திருந்தால் தமயந்தி தோற்றிருப்பாள். அவள் எதைப் பார்க்கிறாள்? ஒருவனுக்கு மட்டும் கண் இமைக்கிறது, கால் தரையில் படுகிறது, கழுத்து மாலை வாடுகிறது. மனிதனுக்குரிய குறைகளை வைத்து அவனை அடையாளம் காண்கிறாள். பின்னால் கார்க்கோடகன் என்னும் பாம்பு தீண்டி நளனின் உருவமே மாறிப்போகிறது. மகாபாரதக் கதையில், அவன் சமைத்த உணவின் சுவையிலேயே அவனைக் கண்டுகொள்கிறாள். இரண்டு இடத்திலும் மாயம் உருவத்தைத்தான் மாற்ற முடிந்தது; ஒருத்தி ஒருவனைக் கவனித்து வைத்திருந்ததை அதனால் மாற்ற முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் ஒருவர் மற்றவரைப் பற்றிப் புதிதாக ஒன்றைக் கவனிக்க வேண்டும், அது உங்கள் உலகத்தின் சட்டத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். நம் கதையில் இதை எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன்.

முதல் காட்சி. மாறன் கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டு அளக்கிறான். செல்லி அவனைத் துரத்துகிறாள். அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. "கயிற்றுக்காரரே, எடுங்க கையை" என்கிறாள்.

இரண்டாம் காட்சி. வானத்தைப் பார்த்து அவள் எதையோ சொல்ல வந்து திணறி, "மேலேருந்து விழுமே, தண்ணி, அது இந்த வருசமும் இல்லை" என்கிறாள். மாறனுக்கு விளங்கவில்லை. விளையாட்டாகப் பேசுகிறாளோ என்று நினைக்கிறான்.

மூன்றாம் காட்சியில் அவனுக்குப் பிடிபடுகிறது. மழை என்ற சொல் அவளிடம் இல்லை. பஞ்ச காலத்தில் அவள் அதை அவ்வளவு நினைத்திருக்கிறாள். அதன்பின் அவன் கூர்ந்து கேட்கத் தொடங்குகிறான். கிணற்றில் இருப்பவளை அவள் ஏன் எப்போதும் "கீழே இருக்கிறவங்க" என்றே சொல்கிறாள் என்பது ஒருநாள் பொறிதட்டுகிறது. அம்மா என்ற சொல்தான் முதலில் போயிருக்கிறது.

இந்த இடத்தில் மாறன் ஒன்றும் பேசக் கூடாது. கண்ணீர், ஆறுதல், அணைப்பு எதுவும் வேண்டாம். மறுநாள் அவன், தன் பேச்சில் அந்தச் சொல் வரும் இடங்களில் எல்லாம் "கீழே இருக்கிறவங்க" என்றே சொல்கிறான். செல்லி அதைக் கவனித்துவிட்டு வாளியைக் கழுவப் போய்விடுகிறாள். காதல் அங்கே நடந்துவிட்டது. வாசகருக்குத் தெரியும், அவர்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது.

நான்காம் காட்சியில் திசையை மாற்றுகிறேன். செல்லி கிணற்றோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள். கிணற்றின் மேல் அவளுக்குப் பிடிப்பு விட்டுப்போயிற்று, இனித் தூர் வாரலாம் என்று மாறன் மகிழ்கிறான். உண்மையில் அவள் அவன் பெயரைக் காப்பாற்றுகிறாள். இப்போது பேசினால் போகப்போவது எந்தச் சொல் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவோடு பேசாமல் இருப்பதுதான் அவள் செய்யும் காதல். இதை அவள் வாயால் சொல்லவைக்காதீர்கள். சட்டம் வாசகர் கையில் இருக்கிறது, அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். அந்தக் கணக்கு அவர் மனதில் விழும் நொடிக்காகத்தான் முதல் படியில் அவ்வளவு கறாராகச் சட்டம் எழுதினோம்.

பிரதிலிபி போன்ற தளங்களில் தொடராக எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பாகத்துக்கு வாசகரை இழுக்க, ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும் தப்பெண்ணத்தைப் பத்து வாரம் இழுக்காதீர்கள். மாறனின் தப்பெண்ணமும் அப்படியல்லவா என்று கேட்கலாம். இல்லை. அவள் உண்மையைச் சொன்னால் அவன் தூர் வாராமல் திரும்பிப் போய்விடுவான், கீழூர் தாகத்தில் கிடக்கும். வாய் திறக்காமல் இருக்க அவளுக்குக் காரணம் இருக்கிறது.

ஐந்தாம் படி: வேண்டாம் என்று சொல்ல இடம் வையுங்கள்

மாயக் கதைகளில் இதை மிகச் சுலபமாகத் தவறவிடுகிறோம். வசிய மருந்து, மனதைப் படிக்கும் சக்தி, பிறவிப் பிணைப்பு, ஆயிரம் வருடம் வாழ்ந்த தேவனுக்கும் 18 வயதுப் பெண்ணுக்கும் காதல், சிறைப்பிடித்த அரசன் மேல் சிறைப்பட்டவளுக்கு ஆசை. இவை எல்லாவற்றிலும் ஒருவரிடம் மட்டும் சக்தி குவிந்து கிடக்கிறது. இப்படி எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அது காதல்தான் என்று வாசகரை நம்பச் சொல்வதற்கு முன், பலம் குறைந்தவர் உண்மையாகவே மறுத்துவிட்டுப் போக ஒரு வழி கதைக்குள் இருக்க வேண்டும். ஒருமுறையாவது அவர் மறுக்க வேண்டும், மற்றவர் அதைக் கேட்க வேண்டும். இருவரும் வயது வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

வசியத்தால் வந்த விருப்பத்தைக் கதையில் வைத்தால், வசியம் கலைந்த மறுநாள் காலையையும் எழுதுங்கள். அந்தக் காலையில்தான் கதை இருக்கிறது. ஆருடத்துக்கும் இதேதான். நட்சத்திரம் சொன்ன ஆளை ஒருத்தி முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்னால் வேறொரு காரணத்துக்காக அவனையே தேடி வந்தால், அந்த இரண்டாவது காரணம்தான் காதல்.

தொடுகை, முத்தம், அதற்கு மேலானவை எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பார்கள். உங்கள் வாசகர் யார் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு எழுதினாலும் அந்தக் காட்சிக்குப் பிறகு இருவருக்கும் நடுவே ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்.

ஆறாம் படி: எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்?

மாய உலகம் என்றதுமே பலருடைய பாத்திரங்கள் மேடை நாடகத் தமிழுக்குப் போய்விடுகின்றன. அரசவையில் அது பொருந்தலாம். வாளி இறைக்கிற இடத்தில் பொருந்தாது. வெளியார் முன்னால் ஒரு தமிழ், தனியே இருக்கும்போது ஒரு தமிழ் என்று பிரித்துவிட்டால் அதுவே நெருக்கத்தைக் காட்டும்.

தமிழில் விளிப்பே ஒரு கதை. நீங்க என்பது நீ ஆகும் நொடியைச் சும்மா கடந்து போகாதீர்கள். அதற்கு ஒரு காட்சி கொடுங்கள். யார் முதலில் மாற்றினார்கள், மற்றவர் அதைத் திருத்தினாரா, கேட்காததுபோல இருந்தாரா? அண்ணா என்று ஒருத்தி கூப்பிட்டால் ஒரு கதவு சாத்தப்படுகிறது. இத்தனை நாள் அண்ணா என்றவள் திடீரென்று எந்த விளியும் இல்லாமல், "இங்க பாருங்க" என்று மட்டும் தொடங்கினால் நம் ஊரில் எல்லாருக்கும் புரியும். உங்கள் கற்பனைக் குலத்தில் யார் யாருக்கு முறை, யாரை எப்படி அழைத்தால் தப்பு என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டால் பாதி உரையாடல் தானாக வரும்.

கணவனின் பெயரை மனைவி சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. என் பாட்டி தாத்தாவின் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பெயருக்குச் சக்தி உண்டு என்று நம்பும் ஓர் உலகத்தை எழுத வேண்டுமென்றால் வேறெங்கும் போய்த் தேட வேண்டாம், அது நம் சமையலறையிலேயே இருந்திருக்கிறது.

நம் கதையில் கயிற்றுக்காரரே என்று தொடங்கிய செல்லி, ஐந்தாம் காட்சியில் கிணற்றுக்குள் இறங்குகிறாள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன். பாதி ஆழத்தில் கால் வழுக்குகிறது. "மாறா, பிடி!" என்று கத்துகிறாள். பெயரும் ஒருமையும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. அவன் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். கரைக்கு வந்தபின் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. மறுநாளும் அவள் மாறா என்றே கூப்பிடுகிறாள்.

ஏழாம் படி: ஊரையும் தோழியையும் மறக்காதீர்கள்

இரண்டே பேர் இருக்கும் உலகம் சீக்கிரம் மூச்சுமுட்டும். சங்கப் பாடல்களில் தலைவனும் தலைவியும் பேசுவதைவிடத் தோழி பேசும் பாட்டுகளில்தான் எனக்குக் கதை அதிகம் கிடைக்கிறது. தலைவியின் ரகசியம் அவளுக்குத் தெரியும். தலைவனிடம் சீக்கிரம் மணந்துகொள் என்று கண்டிப்பதும் அவள்தான். காதலர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்றைச் சொல்ல உங்கள் கதையிலும் ஒரு தோழியோ நண்பனோ வேண்டும். அவர்களுக்கும் சொந்தக் கவலை ஒன்று கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் அலர். ஊர் வாய்ப்பேச்சு. களவில், அதாவது ஊரறியாமல், இருக்கும் காதலை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவது அதுதான். அலர் எழுந்தால் வீட்டில் காவல் கூடும், காவல் கூடினால் சந்திப்பு அருகும், அருகினால் உடன்போக்கோ (வீட்டை விட்டு அவனோடு போய்விடுவது) திருமணமோ முடிவாக வேண்டும். காரணகாரியமாக ஓடும் இந்தச் சங்கிலியை அப்படியே எந்த உலகத்திலும் பொருத்தலாம். கிணறு பேசும் ஊரில் அலர் எப்படிப் பரவும்? செத்துப்போன பாட்டிமார்களும் சேர்ந்து பேசுவார்களா? எனக்கு இதை நினைத்தாலே எழுதக் கை பரபரக்கிறது.

சாட்சியே இல்லாத காதலும் உண்டு. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி, அவன் என்னை மணந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு மட்டும் இருந்தது என்கிறாள். அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம் அந்தப் பாட்டு முழுக்க இருக்கிறது. மாயக் கதையில் அந்தக் குருகைப் பேசவைக்க உங்களால் முடியும். பேசவைக்கும் முன் யோசியுங்கள்: பசியோடு மீனையே பார்த்துக்கொண்டிருந்த பறவை எதைச் சாட்சி சொல்லும்?

எட்டாம் படி: முடிவில் விலையைத் தள்ளுபடி செய்யாதீர்கள்

போரோ, பஞ்சமோ, அரியணையோ, பெரிய கதை எதுவானாலும் அதன் உச்சமும் காதலின் உச்சமும் ஒரே செயலில் முடிச்சுப்போட வேண்டும். போர் முடிந்தபின் தனியாக ஒரு காதல் முடிவு எழுதினால் அது ஒட்டாது. அதைவிடப் பெரிய தவறு, கடைசி அத்தியாயத்தில் ஒரு வரம் இறங்கி வந்து இழந்ததை எல்லாம் திருப்பித் தருவது. அதுவரை இருவரும் பட்டதெல்லாம் ஒரே வரியில் வீணாகிவிடும். சேர்ந்து முடிவதா பிரிந்து முடிவதா என்பது உங்கள் விருப்பம். இரண்டிலும் நல்ல கதை உண்டு, சட்டத்தை மட்டும் மீறாதீர்கள்.

எழுதி முடித்ததும் காதல் காட்சிகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். மாயத்தை நீக்கினாலும் அப்படியே நிற்கும் காட்சிகளை மறுபடி எழுதுங்கள். உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பாத்திரத்தை விட்டுவிட்டு நீங்கள் பேசியிருப்பீர்கள்.

செல்லி-மாறன் கதையை நான் இப்படி முடிப்பேன். கீழூரில் ஒரு குழந்தை தாகத்தால் படுத்துவிட்டது என்று செய்தி வருகிறது. தூர் வாரச் சம்மதிப்பது செல்லிதான், மாறன் கேட்கவில்லை. அதற்கு முந்தின இரவு, கடைசியாக ஒருமுறை அம்மாவோடு பேசக் கிணற்றடிக்குப் போகிறாள். என்ன பேசினார்கள் என்பதை எழுத மாட்டேன். விடிகிறது. மாறன் ஆட்களோடு சேற்றை இறைக்கிறான். நண்பகலில் ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் குபுகுபுவென்று ஏறுகிறது. எல்லாரும் கத்துகிறார்கள். செல்லி கிணற்று மேட்டில் நின்று அவனைக் கூப்பிட வாய் எடுக்கிறாள். தேடுகிறாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள்.

"கயிற்றுக்காரரே" என்கிறாள்.

அவன் நிமிர்ந்து பார்க்கிறான். சேறு வழியும் கையோடு வாளியைக் கீழே வைக்கிறான்.

"சொல்லுங்க" என்கிறான்.